விண்டோஸிலிருந்து மேக்கிற்கு: கை பழகுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

[திரையில்: மேசையில் பழைய விண்டோஸ் கணினி. அதன் பக்கத்தில் புதிய மேக்புக். பின்னணியில் கல்யாணப் பத்திரிகை மாதிரிகள்.]

வணக்கம். விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. விண்டோஸ் 11 நிறுவ வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய பிராசசரும் வேண்டும் என்பதால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த பல கணினிகளைக்கூட மாற்ற வேண்டியதாகிவிட்டது. எப்படியும் புதிதாக வாங்கத்தானே போகிறோம் என்று ஆப்பிளின் மேக் கணினிகள் பக்கம் வந்தவர்களும், பிள்ளை படிப்பை முடித்துவிட்டு வீட்டில் விட்டுச் சென்ற மேக்புக்கைக் கடைக்குக் கொண்டுவந்தவர்களும் இந்த வீடியோவைப் பார்க்கலாம். வேலூர் டிடிபி கடைக்காரர்களையும், இராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் அலுவலகக் கணக்கு பார்ப்பவர்களையும் மனத்தில் வைத்தே இதைத் தயாரித்திருக்கிறோம். இரண்டில் எது உயர்ந்தது என்ற பட்டிமன்றம் இதில் கிடையாது.

மேக் கஷ்டமாக இருக்கிறது என்று சொல்பவர்களின் குறைகளைக் கேட்டால், அவற்றில் பாதி விரல் பழக்கத்தைச் சேர்ந்தவை. அவை தாமாகவே சரியாகிவிடும். மீதிப் பாதி, இரண்டு கணினிகளும் ஒரே வேலையை வேறு வேறு எண்ணத்தோடு செய்வதால் வருபவை. அதைப் புரிந்துகொள்ளாவிட்டால் எரிச்சலோடு நிற்காது, கோப்புகளும் போய்விடும். ஆகவே முதல் பாதியை விரைவாகக் கடந்து இரண்டாவதில் நிதானமாக நிற்போம்.

[திரையில்: விசைப்பலகையின் கீழ் வரிசை, மிக அருகில்.]

விண்டோஸில் கன்ட்ரோல் விசை செய்யும் வேலைகளில் பெரும்பாலானவற்றை மேக்கில் கமாண்ட் விசை செய்கிறது. நகலெடுக்க சி, வெட்ட எக்ஸ், ஒட்ட வி, செய்ததைத் திரும்பப் பெற இசட் என்ற எழுத்துகளில் எந்த மாற்றமும் இல்லை. சொல்லப்போனால் இந்த நான்கும் ஆப்பிள் நிறுவனத்தின் 1983-ஆம் ஆண்டு லிசா கணினியிலேயே இருந்தவைதாம். கன்ட்ரோலைச் சுண்டுவிரல் அழுத்தும். கமாண்ட் இடைவெளிப் பட்டையை ஒட்டி இருப்பதால் கட்டைவிரல் அழுத்த வேண்டும், அவ்வளவுதான். அந்த விசையின் மேல் நான்கு மூலைகளிலும் சுழியோடு இருக்கும் குறி, ஸ்வீடனில் பார்க்கத் தகுந்த இடங்களைக் காட்டும் பலகைகளில் இருப்பது. மெனு முழுவதும் ஆப்பிள் சின்னமாக இருப்பது ஸ்டீவ் ஜாப்ஸுக்குப் பிடிக்காமல் போனதால், சூசன் கேர் என்ற வடிவமைப்பாளர் தேடிப்பிடித்த மாற்று அது.

அமைப்புகளுக்குள் சென்று கமாண்டையும் கன்ட்ரோலையும் இடம் மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. மாற்ற வேண்டாம் என்பதே என் கருத்து. மாற்றிவிட்டால் உங்கள் கணினியில் மட்டும்தான் உங்களால் வேலை செய்ய முடியும். பழைய டிவிஎஸ் கோல்ட் விசைப்பலகையை விட மனமில்லாமல் மேக் மினியில் மாட்டியிருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: அந்தப் பலகையில் விண்டோஸ் சின்னம் உள்ள விசை கமாண்டாகவும், ஆல்ட் விசை ஆப்ஷனாகவும் வேலை செய்யும். ஆனால் மேக் பலகையோடு ஒப்பிட்டால் இரண்டும் இடம் மாறி இருக்கும். அமைப்புகளில் போய் மாற்ற வேண்டிய ஒரே சந்தர்ப்பம் இதுதான்.

மற்றவற்றை ஓட்டமாகச் சொல்லிவிடலாம். வலது கிளிக்குக்கு டிராக்பேடில் இரண்டு விரல்களால் தட்டுங்கள். திரையின் ஒரு பகுதியைப் படம் பிடிக்க கமாண்ட், ஷிஃப்ட், 4. உறைந்துபோன செயலியை நிறுத்த கமாண்ட், ஆப்ஷன், எஸ்கேப். எதையாவது தேடக் கமாண்டோடு இடைவெளிப் பட்டை. பக்கம் தலைகீழாக நகர்கிறது என்று தோன்றினால், டிராக்பேட் அமைப்பில் 'இயல்பான நகர்வு' என்பதை அணைத்துவிடலாம்.

[திரையில்: மேல் இடது மூலையில் சிவப்பு, மஞ்சள், பச்சைப் பொத்தான்கள். கீழே டாக் வரிசையில் சின்னங்களின் அடியில் சிறு புள்ளிகள்.]

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். விண்டோஸில் சாளரமும் செயலியும் ஏறக்குறைய ஒன்றே. எக்ஸ் குறியை அழுத்திக் கடைசிச் சாளரத்தை மூடினால் செயலியும் நின்றுவிடும். மேக்கில் செயலி வேறு, அதன் சாளரம் வேறு. சிவப்புப் பொத்தான் சாளரத்தை மட்டும் மூடுகிறது. வேலூர் லாங் பஜாரில் ஒரு கடையின் ஷட்டரை இறக்கிய பிறகும் உள்ளே கணக்குப்பிள்ளை உட்கார்ந்து அன்றைய வரவு செலவைக் கூட்டிக்கொண்டிருப்பதைப் போல, சாளரம் மறைந்த பின்னும் செயலி உள்ளே ஓடிக்கொண்டே இருக்கிறது. அதற்கு அடையாளம்தான் டாக் வரிசையில் சின்னத்தின் அடியில் தெரியும் புள்ளி. செயலியை முழுமையாக நிறுத்தக் கமாண்டோடு க்யூ அழுத்த வேண்டும். கணினி அமைப்புகள் போன்ற சில சிறிய செயலிகள் மட்டும் சாளரத்தோடு சேர்ந்தே நின்றுவிடும்.

இந்த ஒன்று புரிந்துவிட்டால், தனித்தனிப் புதிராகத் தெரிந்த பலவற்றுக்கும் விடை கிடைத்துவிடும். மெனு ஏன் ஒவ்வொரு சாளரத்திலும் இல்லாமல் திரையின் உச்சியில் இருக்கிறது? அது சாளரத்துக்கு உரியதல்ல, செயலிக்கு உரியது. 1984-இல் வந்த முதல் மேக்கின்டாஷிலும் அப்படித்தான் இருந்தது. சாளரம் எதுவுமே தெரியாதபோதும் மேலே ஏன் வேர்டு என்று எழுதியிருக்கிறது? வேர்டு இன்னும் நின்றபாடில்லை. கமாண்டோடு டேப் அழுத்தினால் நேற்றுத் திறந்த இரண்டு வேர்டு கோப்புகளும் ஏன் தனித்தனியாக வருவதில்லை? அந்த விசைகள் செயலிகளுக்கு இடையில்தான் மாறும். ஒரே செயலியின் சாளரங்களுக்கு இடையில் மாற, கமாண்டோடு டேப்புக்கு நேர் மேலே உள்ள விசையை அழுத்த வேண்டும். கணினி மெதுவாகிவிட்டது என்று சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன், டாக்கில் எத்தனை புள்ளிகள் இருக்கின்றன என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது.

[திரையில்: ஃபைண்டர். 'பத்திரிகைகள்' என்று பெயரிட்ட ஒரு கோப்புறை.]

கோப்புகளைக் கையாளும் இடம் ஃபைண்டர். இங்கே என்டர் விசை கோப்பைத் திறக்காது, பெயரை மாற்றச் சொல்லும். திறக்கக் கமாண்டோடு கீழ்நோக்கு அம்புக்குறி. கோப்பை வெட்டி ஒட்டும் முறையும் வேறு: முதலில் கமாண்ட், சி என்று நகலெடுத்து, போய்ச் சேர வேண்டிய இடத்தில் கமாண்ட், ஆப்ஷன், வி என்று ஒட்டினால்தான் கோப்பு இடம் பெயரும். கோப்பின் மேல் நின்று இடைவெளிப் பட்டையைத் தட்டினால் திறக்காமலேயே உள்ளே இருப்பதைப் பார்க்கலாம் என்பது இதில் உள்ள பெரிய வசதி.

அடுத்ததை மட்டும் தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள். உங்கள் மேக்கில் 'பத்திரிகைகள்' என்ற கோப்புறை இருக்கிறது. அதில் ஆவணி மாத முகூர்த்தங்களுக்கான வேலைகள் இருக்கின்றன. பென் டிரைவிலும் அதே பெயரில் ஒரு கோப்புறை. அதில் தை மாத வேலைகள் மட்டும் உள்ளன. பென் டிரைவில் இருப்பதை இழுத்து மேக்கில் போடுகிறீர்கள். விண்டோஸாக இருந்தால் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, ஒரே பெயர் கொண்ட கோப்புகளைப் பற்றி மட்டும் உங்களைக் கேட்கும். மேக்கில் 'மாற்று' என்ற பொருள்படும் பொத்தானை அழுத்தினால், பழைய கோப்புறை முழுவதும் நீங்கி அதன் இடத்தில் புதியது உட்கார்ந்துவிடும். ஆவணி வேலை ஒன்றுகூட மிஞ்சாது. விண்டோஸில் பல ஆண்டுகளாகச் சரி, சரி என்று அழுத்திப் பழகிய கை இந்தப் பொத்தானையும் அதே வேகத்தில்தான் அழுத்தும். கோப்புறையை இழுக்காமல், அதைத் திறந்து உள்ளே உள்ள கோப்புகளைத் தேர்ந்தெடுத்து இழுப்பதே பாதுகாப்பான வழி. இதற்கு முன்பாகவே ஒரு தனி ஹார்ட் டிஸ்க்கை மாட்டி டைம் மெஷின் என்ற மேக்கின் காப்பு நகல் வசதியை இயக்கிவைத்திருந்தால், இழந்ததை மீட்கவும் வாய்ப்புண்டு.

[திரையில்: யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க். ஒட்ட முடியாது என்ற அறிவிப்பு.]

ஹார்ட் டிஸ்க் என்றதும் இன்னொரு சிக்கல். விண்டோஸில் பயன்படுத்திய வெளி டிஸ்க்குகள் பெரும்பாலும் என்டிஎஃப்எஸ் என்ற கோப்புச் சேமிப்பு முறையில் இருக்கும். மேக் அதைப் படிக்கும். ஆனால் தனியாக வேறு மென்பொருள் போடாமல் அதில் எழுத முடியாது. டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். ஃபேட்32 முறையில் இரண்டு கணினிகளும் எழுதும் என்றாலும், ஒரு கோப்பு 4 ஜிபி அளவைத் தாண்ட முடியாது. கல்யாண வீடியோ எடுப்பவர்களுக்கு அது எந்த மூலைக்கும் போதாது. எக்ஸ்ஃபேட் முறைதான் இரண்டு பக்கத்துக்கும் பொருந்தும். முறையை மாற்றும்போது டிஸ்க்கில் உள்ளவை எல்லாம் அழிந்துவிடும் என்பதால், முதலில் அவற்றை வேறோர் இடத்தில் நகலெடுத்துக்கொள்ள வேண்டும்.

மேக்கில் எழுதிய பென் டிரைவை ஆஃப்செட் அச்சகத்தில் கொடுத்தால், அங்குள்ள விண்டோஸ் கணினியில் ஒவ்வொரு கோப்புக்கும் இணையாக, புள்ளியும் அடிக்கோடும் முன்னால் போட்ட ஒரு குட்டிக் கோப்பு தெரியக்கூடும். "இன்னாண்ணா, வைரஸோட குடுத்துக்கிற?" என்று அவர்கள் கேட்டால் பயப்பட வேண்டாம். அவை மேக் தன் உபயோகத்துக்காக எழுதிவைக்கும் குறிப்புகள். அழித்தாலும் உங்கள் டிசைனுக்கு ஒன்றும் ஆகாது.

[திரையில்: ஒரு பழைய முகவரித்தாள். தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகள்.]

தமிழுக்கு வருவோம். பழைய கோப்பை மேக்கில் திறந்ததும், 'தமிழ்' என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நிற்கின்றன என்றால், அந்தக் கோப்பு பாமினி எழுத்துருவில் தட்டியது. இதில் மேக்கின் குற்றம் எதுவும் இல்லை. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்கள் ஒருங்குறி (யூனிகோட்) வருவதற்கு முந்தைய ஏற்பாட்டைச் சேர்ந்தவை: உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான், மேலே வரைந்திருப்பது மட்டும் தமிழ். அந்த எழுத்துரு இல்லாத எந்தக் கணினியிலும் இப்படித்தான் தெரியும். பழைய கணினியிலிருந்து அந்த எழுத்துருக் கோப்பை எடுத்துவந்து மேக்கில் நிறுவினால் தமிழ் திரும்பிவிடும்.

ஆனால் தெரிவது வேறு, தேடுவது வேறு. 2019-இல் வேலூர் மாவட்டம் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்தது. அதற்கு முன் தட்டிய முகவரித்தாள்களில் வாலாஜாபேட்டைக்கும் ஆற்காட்டுக்கும்கூட வேலூர் மாவட்டம் என்றுதான் இருக்கும். அவற்றைத் திருத்துவதற்காக மேக்கில் 'வேலூர் மாவட்டம்' என்று ஒருங்குறியில் தட்டித் தேடினால், பாமினிக் கோப்பு ஒன்றுகூட அகப்படாது. உள்ளே அந்தச் சொல்லே இல்லையே. அடிக்கடி எடுத்துப் புழங்கும் கோப்புகளை எழுத்துரு மாற்றும் கருவி ஒன்றின் மூலம் ஒருங்குறிக்கு மாற்றி, ஒருமுறை பிழைதிருத்தி வைத்துவிடுங்கள். மறுபதிப்புக்கு மட்டும் தேவைப்படும் பழைய பத்திரிகைகளுக்கு அந்த உழைப்பு வீண். பிடிஎஃப் எடுத்து வைத்தால் போதும்.

புதிதாகத் தட்டுவதற்கு எதையும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. விசைப்பலகை அமைப்பில் தமிழைச் சேர்த்தால் தமிழ்99, அஞ்சல் (ஆங்கில எழுத்தொலியை வைத்துத் தட்டுவது) ஆகிய இரு முறைகளும் கிடைக்கின்றன. மேக்கில் உள்ள தமிழ் எம்என், தமிழ் சங்கம் எம்என் எழுத்துருக்கள் மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கியவை. பெயரில் உள்ள எம்என் அவருடையதுதான். தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் ய, ள, ன, க என்று அடித்துப் பழகிய கைக்கு இந்த இரண்டு முறைகளும் அந்நியமாகத்தான் இருக்கும். அந்த முறையே வேண்டும் என்பவர்கள் தனியாக ஒரு விசைப்பலகைச் செயலி நிறுவிக்கொள்ளலாம். புதிதாகக் கற்பவர்களுக்கு நான் தமிழ்99-ஐத்தான் சொல்வேன். 'அம்மா' என்று தட்ட அ, ம, ம, ஆ என்ற நான்கே தட்டல்கள். ஒரே மெய் இரண்டு முறை வரும்போது முதலாவதற்குப் புள்ளி தானாக விழுந்துவிடும்.

[திரையில்: பழைய கணினியில் கோரல் டிரா, பேஜ்மேக்கர், டாலி சின்னங்கள் வரிசையாக.]

கடைசியாக, மேக்கில் எவை ஓடும், எவை ஓடாது என்பது. விண்டோஸுக்கான நிறுவல் கோப்புகளை மேக் ஏற்காது. ஒவ்வொரு மென்பொருளுக்கும் மேக் பதிப்பு தனியாக இருக்க வேண்டும். கோரல் டிராவுக்கு 2019 முதல் மேக் பதிப்பு இருக்கிறது. 2001-இல் வந்த பேஜ்மேக்கர் 7.0 இன்றைய மேக்கில் ஓடாது. அதில் செய்த வேலைகளைப் பழைய கணினி உயிரோடு இருக்கும்போதே பிடிஎஃப்களாக மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கு மென்பொருளான டாலி பிரைம் விண்டோஸுக்கு மட்டுமே எழுதப்பட்டது. 2020 நவம்பரில் எம்1 சில்லோடு வந்த மேக்குகளிலிருந்து, கணினியை விண்டோஸாகவே தொடங்கும் பூட் கேம்ப் வசதியும் இல்லை. பேரலல்ஸ் போன்ற செயலிக்குள் விண்டோஸை ஓட்ட முடியும் என்றாலும், டிஜிட்டல் கையொப்ப டோக்கன் அதில் வேலை செய்யுமா என்பதை டோக்கன் விற்றவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது அவசியம்.

கணக்கு வேலை உள்ள அலுவலகங்கள் பழைய கணினியை உடனே விற்றுவிட வேண்டாம். இணையத்தில் உலாவவோ வங்கிக் கணக்கைத் திறக்கவோ அதைப் பயன்படுத்தாமல், டாலிக்கு என்று மட்டும் ஒதுக்கி வையுங்கள். டாலி டேட்டாவை வாரம் ஒருமுறை எக்ஸ்ஃபேட் டிஸ்க்கில் நகலெடுத்து மேக்கிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் 31 கணக்கை முடித்து, ஆடிட்டரும் கையெழுத்துப் போட்ட பிறகு பழைய கணினிக்கு விலை பேசலாம்.