புயல் கூண்டு ஏறினால் கம்பம் இறங்க வேண்டும்: குறைந்த செலவில் ஹாம் ரேடியோ ஆண்டெனா கம்பம்

[காட்சி: மொட்டை மாடி. கையில் ஒரு துண்டு ஜிஐ பைப். முனை கிழிந்திருக்கிறது.]

இது என் பழைய ஆண்டெனா கம்பம். உடைந்த இடத்தைப் பாருங்கள். மரை வெட்டி, சாக்கெட் போட்டு, இன்னொரு பைப்போடு முறுக்கிய இடம். சரியாக மரை தொடங்குகிற வளையத்தில் பிய்ந்திருக்கிறது. 2016 டிசம்பர் 12, வர்தா புயல் சென்னையைக் கடந்த மதியம். மேல் பாதி பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் போய்ச் சாய்ந்தது. நல்லவேளை, தொட்டிக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. பக்கத்து வீட்டு மாமி மட்டும் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

அந்தப் பைப் துண்டை வெல்டிங் பட்டறைக்கு எடுத்துப் போனபோது அங்கிருந்தவர் ஒரு பார்வையில் சொல்லிவிட்டார்: "சார், இது தண்ணி போற பைப். காத்துக்கு நிக்கிற பைப் இல்ல."

இந்த வீடியோ முழுக்க அந்த ஒரு வாக்கியத்தின் விளக்கம்தான்.

[திரையில்: மாடி வீட்டின் கோட்டோவியம். உயரங்கள் குறிக்கப்படுகின்றன.]

முதலில் உயரம். ஹாம் ரேடியோவுக்கு, அதாவது பொழுதுபோக்காகச் சொந்த ரேடியோவில் பேசுவதற்கு, புதிதாக லைசென்ஸ் வாங்கியவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "எவ்வளவு உயரம் போகலாம்?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது, "எவ்வளவு உயரத்தை உங்களால் இறக்க முடியும்?"

144 மெகாஹெர்ட்ஸ் விஎச்எஃப் அலைவரிசைக்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. ஆண்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால், ரேடியோ அடிவானம், அதாவது அலை நேராக எட்டும் தூரம், எத்தனை கிலோமீட்டர் என்று கிடைக்கும். ஒரு மாடி கட்டிய வீட்டின் மொட்டை மாடி தரையிலிருந்து ஏறத்தாழ 7 மீட்டர். அதன் மேல் 9 மீட்டர் கம்பம் நட்டால் மொத்தம் 16. வர்க்கமூலம் 4. அடிவானம் பதினாறரை கிலோமீட்டர். சரி, இன்னும் ஒரு 9 மீட்டர் சேர்த்து 25 மீட்டர் ஆக்கினால்? இருபதரை. அதாவது கம்பத்தின் நீளத்தை இரட்டிப்பாக்கிக் கிடைப்பது நான்கே கிலோமீட்டர். ஆனால் ஸ்டே, அதாவது பக்கவாட்டில் இழுத்துக் கட்டும் கம்பி, இல்லாமல் நிற்கும் ஒரே பருமனான கம்பத்தின் நீளம் இரட்டித்தால், காற்று அதன் அடியை வளைக்கும் விசை நான்கு மடங்கு. லாபம் எது, நஷ்டம் எது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

குறைந்த அலைவரிசைகளுக்கும் வானளாவிய கோபுரம் தேவையில்லை. 14 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலைநீளம் 10 மீட்டர். அந்த உயரத்தில் ஒரு டைபோல், அதாவது நடுவில் கேபிள் இணைத்த கம்பி ஆண்டெனா, கட்டினாலே கடல் தாண்டிப் பேசலாம். 7 மெகாஹெர்ட்ஸில் மதுரை, கோவை, பெங்களூரு போன்ற பக்கத்து ஊர்களோடு பேச, ஆண்டெனா தாழ்வாக இருப்பதே நல்லது. அலை செங்குத்தாக மேலே போய், வானத்தின் மேலடுக்கான அயனி மண்டலத்தில் பட்டு, குடை போல நம் மேலேயே விரிந்து இறங்கும். ஆக, உங்கள் வீடுதான் உங்கள் டவரின் முதல் பாதி. அதற்கு ஏற்கனவே செலவு செய்துவிட்டீர்கள்.

[காட்சி: பைப் கடை. பைப்பின் முனையில் நீலப் பட்டை.]

இப்போது கடைக்குப் போவோம். எலக்ட்ரானிக்ஸ் சாமானுக்கு ரிச்சி தெரு. இரும்புக்குப் பாரிமுனைப் பக்கம் செம்புதாஸ் தெரு. ஜிஐ பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புப் பைப், மூன்று தரத்தில் வரும். மஞ்சள் பட்டை போட்டது லைட், நீலம் மீடியம், சிவப்பு ஹெவி. கடையில் ஏ, பி, சி கிளாஸ் என்பார்கள். வர்தாவில் உடைந்தது மஞ்சள். இப்போது நான் வாங்குவது நீலம். சிவப்பு வாங்கினால் பலம்தான், ஆனால் தூக்கி நிறுத்தும்போது இடுப்பு போய்விடும்.

என்னுடைய கம்பம் இப்படி: கீழே ஒரு முழு 6 மீட்டர் இரண்டு இஞ்சுப் பைப். மேலே 3.6 மீட்டர் ஒன்றரை இஞ்சுப் பைப். சின்னது பெரியதற்குள் 60 சென்டிமீட்டர் இறங்கி உட்காரும். மொத்தம் 9 மீட்டர், எடை சுமார் 43 கிலோ. இரண்டு பைப்புக்கும் நடுவே, விட்டக் கணக்கில், கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். அதில் தகடு சுற்றி, குறுக்கே போல்ட் போட்டு ஆட்டம் இல்லாமல் இறுக்க வேண்டும். மரை இல்லை, சாக்கெட் இல்லை. மரை வெட்டும்போது பைப்பின் சுவரில் நல்ல பங்கு போய்விடுகிறது, மேலே இருந்த துத்தநாகப் பூச்சும் போய்விடுகிறது. பலம் குறைந்த இடமும் துரு ஏறும் இடமும் ஒன்றாகிவிட்டால் அப்புறம் என்ன, புயல் வரும் தேதி மட்டும்தான் பாக்கி.

பழைய பைப் வாங்கலாமா? வாங்கலாம். பழைய இரும்புக் கடையில் எடை போட்டுத் தருவார்கள். ஆனால் ஒரு முறை வளைந்து நிமிர்த்தின பைப் வேண்டவே வேண்டாம். உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். வெளியே பளபளப்பாகவும் உள்ளே துருச் செதிலாகவும் இருக்கும் பைப்புகள் நிறைய உண்டு.

[திரையில்: காற்றழுத்தக் கணக்கு.]

காற்று எவ்வளவு தள்ளும்? கட்டடங்களுக்கான இந்தியத் தரக் கையேடு ஐஎஸ் 875, மூன்றாம் பகுதி, சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகமாக நொடிக்கு 50 மீட்டர் என்று வைத்திருக்கிறது. மணிக்கு 180 கிலோமீட்டர். வேகத்தை வர்க்கம் செய்து 0.6 ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 1500 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 150 கிலோ. நம் 9 மீட்டர் கம்பம் காற்றுக்குக் காட்டும் முகம் அரை சதுர மீட்டர். ஆண்டெனா எதுவும் மாட்டாமல் வெறும் கம்பத்தையே 75 கிலோ அளவுக்குக் காற்று தள்ளுகிறது! இதன் உச்சியில் 14 மெகாஹெர்ட்ஸுக்கு மூன்று எலிமென்ட் யாகி (குறுக்குக் குழாய்கள் வரிசையாக உள்ள, ஒரு திசை நோக்கிய ஆண்டெனா) ஒன்றை வைத்தால் இன்னொரு அரை சதுர மீட்டர் சேரும், அதுவும் எல்லாவற்றுக்கும் மேலே. அதனால் குறைந்த செலவுக்காரர்களுக்கு என் யோசனை யாகி இல்லை, கம்பி. நடுவில் ஒரே கம்பம், அதன் உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் சரியும் கம்பி, தலைகீழ் வி. 7 மெகாஹெர்ட்ஸுக்கு மொத்தம் 20 மீட்டர், பக்கத்துக்குப் பத்து. காற்றுக்கு அது இருப்பதே தெரியாது. ஒன்று மட்டும்: கம்பியின் முனைகளில் மின்னழுத்தம் அதிகம். வடாம் காயப்போட வருபவர்கள் கைக்கு எட்டாத உயரத்தில் கட்டுங்கள்.

[காட்சி: மாடியில் தூண் தலைப்பு. கான்கிரீட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் முறுக்குக் கம்பிகள்.]

கம்பத்தை எதன் மேல் நிறுத்துவது? இதில்தான் பலரும் தவறுகிறார்கள். கைப்பிடிச் சுவர் வேண்டாம். அது நாலரை இஞ்சு செங்கல் சுவர். ஆள் விழாமல் இருக்கக் கட்டியது, ஸ்டே கம்பியை இழுத்துப் பிடிக்கக் கட்டியதல்ல. மாடித் தளத்தின் நடுவில் துளை போடுவதும் வேண்டாம். நம் ஊர் மாடிகளில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, மேலே தட்டோடு பதித்திருப்பார்கள். அதைக் குடைந்தால் கம்பம் நிற்கும், ஆனால் அடுத்த மழைக்கு உங்கள் படுக்கையறையில் நீர் சொட்டும்.

சென்னை வீடுகளில் ஒரு வசதி உண்டு. இன்னொரு மாடி எழுப்பலாம் என்ற நம்பிக்கையில் தூண்களின் தலையில் முறுக்குக் கம்பியை நீட்டி விட்டிருப்போம். அந்த மாடி வருவதே இல்லை. அந்தத் தூண் தலைதான் உங்கள் ஸ்டேவுக்கு உகந்த இடம். கம்பி துருவில் பாதியாகியிருக்கிறதா என்று சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நன்றாக இருந்தால் அதைச் சுற்றிக் கான்கிரீட் போட்டு ஒரு கொக்கியைப் பதித்துவிடலாம்.

ஸ்டே நான்கு பக்கமும் போடுங்கள். மூன்று போதும் என்று புத்தகம் சொல்லும். நிற்பதற்கு மூன்று போதும், படுப்பதற்கு நான்கு வேண்டும். கம்பத்தின் அடியில் இரண்டு தடித்த தகடு, நடுவே ஒரு 16 மில்லிமீட்டர் போல்ட். இதுதான் கீல். கீலின் போல்ட் எந்தத் திசையில் போகிறதோ, அதே கோட்டில், அதே மட்டத்தில் இரண்டு பக்க ஸ்டேக்களின் கொக்கிகள் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் கம்பம் சாயும்போது அந்த இரண்டு ஸ்டேயும் இறுகவும் செய்யாது, தளரவும் செய்யாது. கம்பம் பக்கவாட்டில் ஆடாமல் நேராக இறங்கும். மட்டம் தப்பினால் பாதி வழியில் ஒன்று விறைத்து, ஒன்று தொங்கும். எனக்கு முதல் தடவை அப்படித்தான் நடந்தது. வியர்த்துவிட்டது.

இறக்க, ஏற்ற, கம்பத்தின் அடியில் செங்கோணமாக ஒரு 3 மீட்டர் துணைக் கம்பு. முன் ஸ்டே அதன் முனை வழியாகப் போய், கப்பியில் சுற்றிக் கைக்கு வரும். தரையிலிருந்து கிளம்பும் முதல் சில அடிகளில்தான் முழுப் பாரம். நாற்பத்தைந்து டிகிரி தாண்டினால் சுலபம். இரண்டு பேர் போதும், ஆனால் இரண்டு பேர் கட்டாயம். ஏணி போட்டு ஏறும் வேலையே இல்லை என்பதால் விழுவதற்கும் வழியில்லை. இந்த ஏற்பாட்டின் பெரிய மிச்சமே அதுதான்.

கயிறு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காசிமேட்டில் மீன்பிடிப் படகுகளுக்கான கயிறு மலிவாகக் கிடைக்கும். அதில் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். தண்ணீரில் மிதக்கும் என்பதால் கடலுக்கு நல்லது. மாடி வெயிலுக்கு நல்லதல்ல, நாளடைவில் நார் நாராகப் பொடிந்துவிடும். இழுத்து ஏற்ற அதைப் பயன்படுத்துங்கள், ஸ்டேவாக நிரந்தரமாகக் கட்டாதீர்கள். ஸ்டேவுக்குத் துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பிக் கயிறு, ஒவ்வொன்றிலும் திருகி இறுக்கும் டர்ன்பக்கிள். கம்பியை மடக்கிக் கிளாம்ப் போடும்போது, கிளாம்பின் தடித்த அடிப்பகுதி பாரம் தாங்கும் நீளக் கம்பியில் உட்கார வேண்டும். யு வளைவு வெட்டிய வாலின் மேல் வர வேண்டும். மாற்றிப் போட்டால் யு வளைவு பாரம் தாங்கும் கம்பியை நசுக்கிவிடும்.

[காட்சி: துருப்பிடித்த போல்ட், அருகே புதியது.]

பெசன்ட் நகரிலோ எண்ணூரிலோ இருப்பவர்களுக்கு உப்புக் காற்றைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஜன்னல் கம்பியைப் பார்த்தாலே போதும். வெல்டிங் செய்த இடத்தில் துத்தநாகம் எரிந்து போயிருக்கும். கீல் தகடுகளை எல்லாம் வெல்டிங் முடித்த பிறகு உருகிய துத்தநாகத்தில் முக்கும் ஹாட் டிப் கால்வனைசிங் கொடுப்பது உத்தமம். முடியாவிட்டால் துத்தநாகம் கலந்த பெயிண்டை இரண்டு கோட் அடியுங்கள். கடற்கரைப் பக்கம் ஸ்டெயின்லெஸ் போல்ட் என்றால் 316 தரம் என்று கேட்டு வாங்குங்கள். பைப்பின் உச்சியை மூடிவிடுங்கள், அடியில் நீர் வடிய ஒரு துளை விடுங்கள். மூடாத பைப் உள்ளிருந்து துருப்பிடிக்கும், வெளியே தெரியாது.

கேபிளுக்குக் காசு இல்லையென்றால் கேபிள் டிவிக்காரர்கள் போடும் 75 ஓம் ஆர்ஜி-6 ஒன்றும் கெட்டதல்ல, டைபோலுக்கு அது ஏறக்குறைய பொருந்தவே செய்கிறது. மேல் இணைப்பில் மட்டும் தண்ணீர் புகாமல் ரப்பர் டேப் சுற்றி, அதன் மேல் பிவிசி டேப். வீட்டுக்குள் நுழையும் முன் கேபிளை ஒரு வளைவு தொங்கவிடுங்கள், மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

மின்னலுக்கு: கம்பத்தின் அடியிலிருந்து தடித்த செம்புப் பட்டை, முடிந்தவரை நேராக, தரையில் எர்த் ராடுக்கு, அதை வீட்டு எர்த்தோடும் இணைக்க வேண்டும், எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள். இடி சத்தம் கேட்கத் தொடங்கும் முன்பே கேபிளைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுங்கள். நேரடியாக விழுந்தால் எந்த எர்த்தும் ரேடியோவைக் காப்பாற்றாது.

அம்பத்தூர், ஆவடி, தாம்பரம் பக்கம் தெருவில் மேலே போகும் மின்கம்பி இருக்கும். உங்கள் கம்பம் எந்தப் பக்கம் விழுந்தாலும் அதைத் தொடக்கூடாது. தொடும் என்றால் அந்த இடத்தில் கம்பம் கிடையாது, பேச்சே இல்லை. நங்கநல்லூர், பல்லாவரம், பறங்கிமலை என்று மீனம்பாக்கத்தைச் சுற்றி இருப்பவர்கள், விமான நிலையத்துக்கான உயரக் கட்டுப்பாட்டு விதிகள் 2015 முதல் நடப்பில் உள்ளதை நினைவில் வையுங்கள். உங்கள் இடத்துக்கு எவ்வளவு உயரம் அனுமதி என்று வண்ண மண்டல வரைபடத்தில் முதலில் பாருங்கள். தொலைத்தொடர்புத் துறையின் லைசென்ஸ் இல்லாமல் ஒலிபரப்பவே கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

[காட்சி: கம்பம் மெல்ல இறங்குகிறது.]

பராமரிப்புக்கு எனக்கு ஒரே மாதம், செப்டம்பர். வடகிழக்குப் பருவமழைக்கு முன் கம்பத்தை ஒரு முறை படுக்க வைத்து, கீல் போல்ட்டுக்குக் கிரீஸ், டர்ன்பக்கிளுக்குக் கிரீஸ், டேப் பிரித்து இணைப்பு பச்சை பூத்திருக்கிறதா என்று பார்ப்பது, வெள்ளைக் கேபிள் டைகளை வெட்டிக் கறுப்பு போடுவது. அரை நாள். அதன் பிறகு டிசம்பர் முடியும் வரை செய்தியில் ஒன்றைத்தான் கவனிப்பேன்: துறைமுகத்தில் எத்தனையாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு. மூன்று ஏறினால் கம்பம் இறங்கிவிடும், அரை மணி நேர வேலை.

2022 டிசம்பரில் மாண்டஸ் வந்தபோதும் இறக்கிவிட்டேன். அன்று பகலில் டைபோல் கம்பியைத் தண்ணீர்த் தொட்டிக்கும் படிக்கட்டு அறைக்கும் நடுவே, கைக்கு எட்டாத உயரத்தில் கட்டி, ரேடியோவை 7 மெகாஹெர்ட்ஸில் வைத்தேன். மதுரையிலிருந்து ஒருவர், "சென்னையில கம்பம் நிக்குதா?" என்று கேட்டார்.

"படுத்திருக்கு" என்றேன்.