வராத மாப்பிள்ளையும் வாங்காத உரிமமும்

நடுவர் அவர்களே, எனக்கு முன் பேசிய எதிரணிப் பேச்சாளர்களே, மாலை நேரத்தை எங்களுக்காக ஒதுக்கி வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

“வாழ்க்கை வரலாற்றுக்கு உயிர் தருவது சுவையான கதையா, சரிபார்த்த சான்றா?” இதுதான் தலைப்பு. சான்றே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஐயா ஒரு காட்சியோடு தொடங்கினார். 1841 ஜனவரி 1. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்ட் ஊர். மணப்பெண்ணின் அக்காள் வீட்டில் கல்யாண விளக்குகள் எரிகின்றன, விருந்து தயார், விருந்தாளிகள் வந்தாயிற்று. மணப்பெண் மேரி டாட் முகத்திரையோடு காத்திருக்கிறார். மாப்பிள்ளை ஆபிரகாம் லிங்கன் வரவேயில்லை. “பின்னாளில் ஜனாதிபதியின் மனைவியான அந்த அம்மாவின் ஆயுள் முழுக்க இருந்த கசப்பைப் புரிந்துகொள்ள இந்த ஒரு காட்சி போதாதா?” என்று ஐயா கேட்டபோது அரங்கமே அடங்கிப் போனது. எனக்கும் மனசு கனத்தது. காரணம் வேறு. அந்தக் காட்சி நடந்ததற்கு ஆதாரமே இல்லை.

இதை ஐயாவைக் குறை சொல்லச் சொல்லவில்லை. நான் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறவள். இதே கதையை ஆறு வருஷம் என் வகுப்பில் நானே சொன்னேன். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்பார்கள். அப்படிக் கேட்டதே எனக்குப் போதும் என்று இருந்துவிட்டேன்.

கதை எங்கிருந்து வந்தது? லிங்கனோடு கூட்டாக வக்கீல் தொழில் நடத்திய வில்லியம் ஹெர்ண்டன் 1889இல் வெளியிட்ட வரலாற்றிலிருந்து. ஆண்டைக் கவனியுங்கள். சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் நாளுக்கு நாற்பத்தெட்டு வருஷம் கழித்து. லிங்கன் 1865இல் சுட்டுக் கொல்லப்பட்டுவிட்டார். மேரி 1882இல் இறந்துவிட்டார். “அப்படி நடக்கவில்லை” என்று சொல்ல இருவருமே இல்லை. ஹெர்ண்டன் நம்பியது மேரியின் அக்காள் குடும்பத்தார் பல பத்தாண்டுகள் கழித்துச் சொன்ன நினைவுகளை.

பின்னால் வந்தவர்கள் ஒரு சின்ன வேலை செய்தார்கள். கல்யாணம் என்றால் உரிமம் வாங்க வேண்டுமே, அந்தச் சீட்டு எங்கே என்று தேடினார்கள். கிடைத்தது. லிங்கனும் மேரியும் திருமண உரிமம் வாங்கிய நாள் 1842 நவம்பர் 4. கல்யாணம் நடந்ததும் அன்றைக்கே. 1841 ஜனவரிக்கு என்று வாங்கிய உரிமம் எதுவும் இல்லை. ஊரையே கூட்டி வைத்து மாப்பிள்ளை வராமல் போயிருந்தால் அந்தச் சிறிய ஊரில் யாராவது ஒருவர் அந்த வாரமே கடிதத்தில் எழுதியிருக்க மாட்டார்களா? நம் தெருவில் ஒரு நிச்சயதார்த்தம் நின்றால் அடுத்த வேளைச் சாப்பாட்டுக்குள் அடுத்த ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. அங்கே ஒரு வரி கிடையாது.

அப்படியானால் ஒன்றுமே நடக்கவில்லையா? நடந்தது. 1842இல் தன் நண்பர் ஜோஷுவா ஸ்பீடுக்கு எழுதிய கடிதத்தில் லிங்கனே அந்த ஜனவரி முதல் நாளை ஒரு கெட்ட நாளாகக் குறிப்பிடுகிறார். நெருக்கம் முறிந்தது உண்மை, அவர் துவண்டு போனது உண்மை. முறிந்த உறவுக்குச் சான்று இருக்கிறது, வராத மாப்பிள்ளைக்கு இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளிக்காகத்தான் நான் இங்கே நிற்கிறேன்.

ஹெர்ண்டனைப் பற்றி நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். லிங்கனின் இளமைக்காலத்தை அறிந்த சாதாரண மனிதர்களைத் தேடிப் பிடித்து, கேட்டு எழுதி வைத்தவர் அவர். அந்தக் குறிப்புகள் இல்லாவிட்டால் பாதி லிங்கன் நமக்குக் கிடைத்திருக்க மாட்டார். ஆனால் அவருக்கும் மேரிக்கும் ஆகாது. முதன்முதலில் சந்தித்த நடன விருந்தில், நீங்கள் பாம்பு போல வளைந்து ஆடுகிறீர்கள் என்று பாராட்டப் போய்ப் பகையைச் சம்பாதித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். ஒரு சாட்சியின் வாக்குமூலத்தை எடைபோடும்போது இந்தப் பகையையும் தராசில் வைக்க வேண்டாமா? 1866 நவம்பரில் அதே ஸ்பிரிங்ஃபீல்டில் மேடையேறி, லிங்கன் காதலித்தது 1835இல் இறந்துபோன ஆன் ரட்லெஜ் என்ற பெண்ணை மட்டும்தான் என்று பேசினார். கணவரைப் பறிகொடுத்து இரண்டு வருஷம்கூட ஆகாத பெண் அதைக் கேட்க வேண்டியிருந்தது. அந்தப் பெயரைக் கணவர் ஒருநாளும் தன்னிடம் உச்சரித்ததில்லை என்று அவர் கடிதத்தில் எழுதினார்.

அந்தக் காதல் கதைக்கு வாசகர்கள் ஏங்கினார்கள். ஏக்கத்துக்குத் தீனி வந்தது. 1928 கடைசியில் ‘அட்லாண்டிக் மன்த்லி’ இதழ் லிங்கனும் ஆனும் எழுதிக்கொண்ட காதல் கடிதங்கள் என்று சிலவற்றை அச்சிட்டது. படித்தவர்கள் உருகினார்கள். ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த லிங்கன் ஆய்வாளர் பால் ஆங்கிள் அந்தத் தொகுப்பில் ஒரு வரியில் நின்றார். அதில் நில அளவை பற்றிப் பேசும்போது ‘நாற்பதாம் பிரிவு’ என்று வருகிறது. அமெரிக்க நில அளவை முறையில் டவுன்ஷிப் என்ற சதுர நிலப்பரப்பு ஒன்றுக்கு முப்பத்தாறு பிரிவுகள்தான். லிங்கன் நில அளவையாளராக வேலை பார்த்தவர். நாற்பதாம் பிரிவு என்று ஒன்று அவர் உலகத்தில் கிடையாது. சில மாதங்களில் மொத்தமும் போலி என்று முடிந்தது. உருகியவர்கள் கண்ணில் படாதது, எண்ணிப் பார்த்தவர் கண்ணில் பட்டது.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர், என் சகோதரி, வலுவான வாதம் ஒன்றை வைத்தார். “பெண்களும் அடிமைப்பட்டவர்களும் காகிதம் விட்டுப் போகவில்லை. ஆதாரம் ஆதாரம் என்று கேட்டால் அவர்கள் வரலாற்றிலிருந்தே காணாமல் போவார்கள்” என்றார். இதற்கு நான் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் வலி இருக்கிறது.

எலிசபெத் கெக்லி. வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர். தையல் வேலை செய்து, 1855இல் 1,200 டாலர் கொடுத்துத் தன்னையும் தன் மகனையும் மீட்டுக்கொண்டவர். வெள்ளை மாளிகையில் மேரிக்கு உடை தைத்தவர், உற்ற துணையாக இருந்தவர். 1868இல் தன் நினைவுகளை வெளியிட்டார். 1935இல் ஒரு பத்திரிகையாளர், இப்படி ஒரு பெண் இருந்ததே இல்லை, ஒரு வெள்ளைக்காரப் பெண் எழுதி வேறு பெயரில் விட்டது என்று சொல்லிவிட்டார். காகிதம் விட்டுப் போன பெண்ணையே, சகோதரி, சரிபார்க்காத ஒரு வாய் இல்லாமல் ஆக்கப் பார்த்தது. அவரை மீட்டது எது? வாஷிங்டன் நகரத்துக் கறுப்பின ஆசிரியர் ஜான் வாஷிங்டன் வீடுவீடாகப் போனார். கெக்லியை நேரில் அறிந்த முதியவர்களைக் கேட்டார், அவரை அறிந்த போதகரிடம் சாட்சி வாங்கினார், 1942இல் புத்தகமாகப் போட்டார். வாய்மொழியும் சான்றுதான். யார் சொன்னார், எப்போது சொன்னார், அவருக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்டு வாங்கினால் அதுவும் சான்றுதான்.

கெக்லி ஒரு சம்பவம் சொல்கிறார். 1862இல் மகன் வில்லி இறந்த பிறகு மேரி தேறவே இல்லை. லிங்கன் அவரை ஜன்னலுக்கு அழைத்துப் போய், குன்றின்மேல் தெரிந்த மனநல விடுதியைக் காட்டி, துக்கத்தை அடக்கிக்கொள், இல்லாவிட்டால் உன்னை அங்கே அனுப்ப வேண்டி வரும் என்றாராம். இதற்கு ஒரே சாட்சி கெக்லி. நான் எழுதினால் “கெக்லி சொல்கிறார்” என்ற இரண்டு வார்த்தையை விடமாட்டேன். அந்த இரண்டு வார்த்தையை விட்டுவிட்டு எழுதும்போது, பயந்துபோன ஒரு கணவரின் கெஞ்சல் அடுத்த புத்தகத்தில் மிரட்டலாகிவிடுகிறது.

மேரி காகிதம் விட்டுப் போகவில்லையா என்ன? 1972இல் அவருடைய கடிதங்களைத் தொகுத்தபோது அறுநூறுக்கு மேல் இருந்தன. அத்தனை நாள் அவரைப் பற்றி மற்றவர்கள் சொன்னதைப் படித்தார்களே தவிர, அவரையே கேட்டவர்கள் குறைவு.

சான்று அவரைப் புனிதராக்கவும் இல்லை. வெள்ளை மாளிகையைப் புதுப்பிக்க அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒதுக்கிய 20,000 டாலரைத் தாண்டிச் செலவழித்தார். அது நிஜம், அதையும் எழுதத்தான் வேண்டும்.

கடைசியாக 1875 மே 19. சிகாகோ நீதிமன்றம். மூத்த மகன் ராபர்ட் கொடுத்த மனுவில், மேரிக்குப் புத்தி சரியில்லை என்று பன்னிரண்டு ஆண்கள் கொண்ட ஜூரி சில நிமிஷங்களில் முடிவு சொன்னது. சாட்சி சொன்ன மருத்துவர்களில் சிலர் அவரைப் பரிசோதித்ததுகூட இல்லை. அவருக்கென்று வாதாட வந்த வக்கீல் ஒரு சாட்சியையும் கூப்பிடவில்லை. மறுநாள் பட்டேவியா ஊரிலிருந்த தனியார் விடுதிக்கு அனுப்பப்பட்டார். அடுத்த வருஷம் ஜூன் 15 அன்று இன்னொரு ஜூரி, புத்தி தெளிவாக இருக்கிறது என்று தீர்ப்பளித்தது.

படிக்கும்போது கொதிக்கிறது. எனக்கும் கொதித்தது. மேரிமேல் பரிவு கொண்ட சில எழுத்தாளர்கள் அந்தக் கொதிப்பிலேயே எழுதினார்கள்: மகன் சொத்துக்காக அம்மாவை அடைத்தான், அவமானப்படுத்தவே ஊர் பார்க்க நீதிமன்றத்தில் நிறுத்தினான் என்று. கேட்க நமக்குப் பிடிக்கிறது. ஆனால் வெர்மான்ட்டில் ராபர்ட் வாழ்ந்த வீட்டில் அவர் கட்டி வைத்திருந்த கோப்பு வெளிவந்து, 1986இல் ஆராய்ச்சியாக அச்சானது. கணக்கு ஒழுங்காக இருந்தது, அம்மா பணத்தில் அவர் கைவைத்ததற்குத் தடயமில்லை. பொது நீதிமன்றம் ஏன்? இல்லினாயில் 1867இல் வந்த சட்டம், ஜூரி விசாரணை இல்லாமல் யாரையும் அடைக்கக் கூடாது என்றது. அந்தச் சட்டத்துக்காகப் போராடியவர் எலிசபெத் பேக்கர்ட். கணவரால் விசாரணையே இல்லாமல் மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்டிருந்தவர். பெண்களைக் காக்க ஒரு பெண் வாங்கித் தந்த சட்டத்தின் வழியாகத்தான் மேரி அந்தக் கூட்டத்துக்கு நடுவில் உட்கார நேர்ந்தது. எவ்வளவு துயரமான உண்மை! எந்தக் கற்பனைக்காரரும் இதை எழுதியிருக்க முடியாது. மகனை வில்லனாக்கிய கதையில் இதற்கு இடமே இல்லாமல் போயிருந்தது.

கதை இதோடு நிற்கவில்லை. விடுதியிலிருந்து மேரி எழுதிய கடிதங்கள் அழிந்துவிட்டன என்றே நம்பியிருந்தார்கள். 2005இல், ராபர்ட் குடும்பத்துக்கு வக்கீலாக இருந்தவரின் வாரிசுகளிடம் ஒரு பழைய பெட்டியில் அவற்றின் நகல்கள் கிடைத்தன. நூற்று முப்பது வருஷம் கழித்து அந்த அம்மாவின் குரல்!

மணி அடித்துவிட்டது, நடுவர் அவர்களே. ஒரு நிமிஷம் தாருங்கள். உரிமம் வாங்கிய தேதியைத் தெரிந்துகொண்ட அன்றைக்கு, என்னிடம் அந்தக் கதையைக் கேட்ட பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: “நான் சொன்ன கல்யாணக் கதை தவறு. 1842 நவம்பர் 4தான் சரி. மன்னியுங்கள்.” ராத்திரி பத்து மணிக்கு ஒரு பெண் பதில் போட்டாள். “அப்ப அந்த ஜனவரியில என்னதான் நடந்துச்சு டீச்சர்?”

ரொம்ப நேரம் யோசித்து, அவளுக்கு எழுதினேன்: “அவங்க ரெண்டு பேரும் அதை எழுதி வைக்கலம்மா.”

நன்றி, வணக்கம்.