இரண்டு ரவுண்டு ஓடு

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

உடற்பயிற்சியை எப்படித் தொடங்குவது என்று என்னிடம் யாரும் கேட்பதில்லை. தொடங்க எல்லோருக்கும் தெரியும். பொங்கல் முடிந்ததும் புது ஷூ வாங்குகிறோம். கல்லூரி மைதானத்துக்கோ ராமாக்காள் ஏரிப் பக்கமோ விடியற்காலையில் போகிறோம். "பத்து நாள் போனேன் சார், அப்புறம் விட்டுப்போச்சு." இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். ஏன் விட்டுப்போகிறது? அதைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

நான் பல வருடம் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன். பள்ளிக்கூடத்தில் ஓட்டம் எதற்கெல்லாம் பயன்படுகிறது என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தாமதமாக வந்தாயா, மைதானத்தை ரெண்டு ரவுண்டு ஓடு. வீட்டுப்பாடம் எழுதவில்லையா, தோப்புக்கரணம் போடு. இப்படியே பத்து, பன்னிரண்டு வருடம். அப்புறம் நாற்பது வயதில் டாக்டர், "சர்க்கரை எல்லையில் நிற்கிறது, தினமும் நடங்க" என்கிறார். நம் காதில் விழுவதோ அதே "ரெண்டு ரவுண்டு ஓடு"தான். நேற்று கல்யாண வீட்டில் பிரியாணி சாப்பிட்டதற்கு இன்றைக்கு ஒரு மணி நேரம் ஓட்டம். இது பயிற்சி இல்லை, அபராதம். தினமும் மனமுவந்து அபராதம் கட்டுகிற ஆள் யார் இருக்கிறார்கள்?

என்னிடம் படித்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஊர் பாலக்கோடு பக்கம். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. கொரோனா சமயத்தில் வேலையோடு ஊருக்கே வந்துவிட்டார். நாள் முழுக்க நாற்காலியில் இருந்ததில் எடை ஏறிவிட்டது. ஒருநாள் திடீரென்று ஓடத் தொடங்கினார், முதல் நாளே ஐந்து கிலோமீட்டர். அந்த வாரமே முழங்கால் வீங்கிவிட்டது. கால் சரியானதும் மறுபடி ஓட்டம், மறுபடி வீக்கம். "எனக்கு மன உறுதி போதாது சார்" என்று வந்து நின்றார்.

அவர் வீட்டில் இரண்டு கறவை மாடு. அம்மா கறந்து கேனில் ஊற்றி வைப்பார், தம்பி பைக்கில் பால் சொசைட்டிக்குக் கொண்டுபோவார். ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும். "ஓட்டத்தை விடுப்பா. நாளையிலிருந்து அந்தக் கேனை எடுத்துக்கிட்டு நீ நடந்து போ" என்றேன். "அதெல்லாம் உடற்பயிற்சியா சார்?" என்று கேட்டார். பாருங்கள், மூச்சு முட்டி உடம்பு வலித்தால்தான் பயிற்சி என்று எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது!

மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. மார்கழிப் பனியிலும் கறந்தாக வேண்டும், நேரத்துக்குள் சொசைட்டியில் ஊற்றியாக வேண்டும். இன்றைக்கு நடக்க மனம் வருமா வராதா என்கிற கேள்விக்கே அங்கே இடமில்லை. கேனைக் கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு போனார். வழியில் ஒரு பெரியவர் சேர்ந்துகொண்டார். தக்காளி விலை, மழை, பேத்தியின் படிப்பு என்று பேச்சு. சில மாதம் கழித்து, "போகாத நாள் உடம்பு என்னவோ மாதிரி இருக்கு சார்" என்றார். பிறகு ஒருநாள் கிருஷ்ணகிரி மலைக்கோட்டைக்கு இருவரும் போனோம். அதில் ஏறியவர்களுக்குத் தெரியும், பாதியிலேயே மூச்சு வாங்கும். இவர் பேசிக்கொண்டே ஏறினார்! எடை எவ்வளவு குறைந்தது என்று நான் கேட்கவில்லை. தராசு முள் மெதுவாகத்தான் நகரும், அதையே பார்த்துக்கொண்டிருந்தால் மனம் விட்டுப்போகும். ஏறும்போது மூச்சு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அதில் மாற்றம் சீக்கிரமே தெரியும்.

எவ்வளவு வேகம் வேண்டும் என்று கேட்பீர்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அந்த வேகம் போதும். அப்படி வாரத்துக்கு 150 நிமிடமாவது என்கிறது உலக சுகாதார நிறுவனம். முன்பு, தொடர்ந்து பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்றார்கள். 2020-இல் அந்த நிபந்தனையையும் எடுத்துவிட்டார்கள். ஐந்து நிமிடம் நடந்தாலும் கணக்கில் சேரும். பத்தாயிரம் அடி நடந்தே ஆக வேண்டும் என்று பயப்படவும் வேண்டாம். அது 1965-இல் ஜப்பானில் அடிகளை எண்ணும் ஒரு கருவியை விற்பதற்காக வைத்த எண்.

நம் ஊரில் ஐயப்பனுக்கு மாலை போட்டவர்களைப் பாருங்கள். வருடம் முழுக்க ஏழு மணிக்கு எழாதவர், அந்த நாட்களில் நான்கு மணிக்குப் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறார். பக்தி இருக்கிறது, அது பெரிய விஷயம். கூடவே குருசாமி இருக்கிறார், குழு இருக்கிறது, நேரம் மாறுவதில்லை. நடைக்கும் அப்படி ஒரு ஏற்பாடு வேண்டும். முக்கியமாகப் பெண்களுக்குச் சொல்கிறேன். இருட்டு, தெருநாய், நெடுஞ்சாலை வண்டிகள் என்று உங்களுக்குத் தயக்கம் இருக்கும், அது நியாயமான தயக்கம். பக்கத்து வீட்டில் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வாசலில் நின்று "அக்கா, வரீங்களா?" என்று ஒரு குரல் கேட்டால் கால் தானாகச் செருப்பைத் தேடும்.

லண்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் 96 பேரை வைத்து, ஒரு செயல் பழக்கமாக எத்தனை நாள் ஆகிறது என்று ஆராய்ந்தார்கள். 2010-இல் வெளிவந்த ஆய்வு. சராசரி 66 நாள். சிலருக்கு 18 நாளே போதும், சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒருநாள் விட்டுப்போனால் ஒன்றும் கெட்டுப்போவதில்லை என்பதையும் கண்டார்கள். ஊர்த் திருவிழா, சாவு வீடு, காய்ச்சல் என்று ஒருநாள் போகவில்லையா, சரி, மறுநாள் போங்கள். விட்ட நாளுக்குச் சேர்த்து இரட்டிப்பாக நடக்காதீர்கள், அது மறுபடியும் அபராதமாகிவிடும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் முடிகிறது. ராகிக் களி, தூக்கம் பற்றியெல்லாம் குறித்து வைத்திருந்தேன், விட்டுவிடுகிறேன். மூன்று மட்டும் சொல்கிறேன். வயதானவர்கள் நடையோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கும் வேலை கொடுங்கள். சுவரோரம் நாற்காலி போட்டு, கை ஊன்றாமல் மெதுவாகப் பத்து முறை எழுந்து உட்கார்ந்தால் நல்ல தொடக்கம். சர்க்கரைக்கு ஊசி போடுபவர்கள் வெறும் வயிற்றில் நடக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நடக்கும்போது நெஞ்சு இறுக்கினால் அங்கேயே நின்றுவிடுங்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். நன்றி, வணக்கம்.