நமக்கு மலை காற்றுதான்

(தண்டையார்பேட்டையில் ஒரு படிப்பகத்தின் பொங்கல் விழாவில் பேசியது. கேட்டவர்கள் சிலர் எழுத்தில் வேண்டும் என்றதால் எழுதித் தருகிறேன். மேடையில் விட்டுப்போன இரண்டு விஷயங்களையும் சேர்த்திருக்கிறேன்.)

தலைவர் அண்ணன் அவர்களே, முன் வரிசையில் இருக்கும் அம்மாக்களே, பின்னால் கேரம் போர்டை மூடாமலே பேச்சுக் கேட்கும் தம்பிகளே, எல்லாருக்கும் வணக்கம்.

என்ன பேசுவது என்று தலைவரிடம் கேட்டேன். "காலங்காத்தால மண்டையில சட்டி கவுத்துக்கினு சைக்கிள்ல போறியே, எங்கதான் போற? அதைச் சொல்லு" என்றார். சரி, அதையே சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கி விடுகிறேன். நான் பந்தயக்காரன் இல்லை. வயது 51. துறைமுகத்தை ஒட்டி ஒரு கிளியரிங் ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். திங்கள் முதல் சனி வரை கன்டெய்னர் நம்பரைத் தட்டிக்கொண்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை அதே கன்டெய்னருக்கு வழிவிட்டு சைக்கிள் ஓட்டுவேன். இதில் காசு வராது, கோப்பை வராது, தொப்பையும் நீங்கள் நினைக்கிற அளவுக்குக் குறையாது. அது முன் வரிசைக்கே தெரிகிறது.

ஆறு வருஷத்துக்கு முன் கியர் சைக்கிள் வாங்கி வீட்டுக்குக் கொண்டு வந்தேன். அம்மா வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். மேலும் கீழும் பார்த்தார். "ஸ்டாண்டு இல்ல, கேரியர் இல்ல, மட்கார்டு இல்ல, பெல்லுகூட இல்ல. எல்லாத்தையும் கழட்டி வித்துட்டு மிச்சத்த உன் தலையில கட்டிட்டானுங்களா?" என்றார். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் சரியான பதில் இல்லை. பெல் மட்டும் மறுநாளே மாட்டிவிட்டேன்.

அம்மாவைக் குறை சொல்லவும் முடியாது. நம் பக்கத்தில் சைக்கிள் என்றைக்கும் வேலைக்காரன். பின்னால் டீ கேன், முன்னால் பேப்பர் கட்டு, குறுக்கே ஐஸ் பெட்டி. மணலிக்கும் எண்ணூருக்கும் ஷிப்டு போகிறவர் ஹேண்டில் பாரில் சாப்பாட்டுத் தூக்கை மாட்டிக்கொண்டு போவார். அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-இல் வந்தது. ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் நமக்கு ஊர்க்காரப் பிள்ளைகள் மாதிரி. நான் ஓட்டக் கற்றுக்கொண்டதே அப்படி ஒரு ஹெர்குலிஸில், வாடகைக்கு எடுத்து, குரங்கு பெடல் போட்டுத்தான். ஒரு மணி நேரம் ஆகிவிட்டதா என்று கடைக்காரர் தெருமுனையில் வந்து நிற்பார். டபுள்ஸ் போனால் போலீஸ்காரர் காற்றைப் பிடுங்கி விடுவார். தள்ளிக்கொண்டே வந்து, அந்தக் காற்றுக்கும் சேர்த்துக் கடைக்காரரிடம் திட்டு வாங்க வேண்டும். அப்போது காற்று என்றால் எனக்கு அவ்வளவுதான்: டயருக்குள் இருப்பது.

வெளியே இருக்கிற காற்றைத் தெரிந்துகொள்ள நாற்பத்தைந்து வயதாகிவிட்டது.

சைக்கிள் ஓட்டுகிறவர்கள் கூடினால் மலைக்கதை பேசுவார்கள். ஏற்காடு, கொல்லிமலை, எத்தனை கொண்டை ஊசி வளைவு, எந்த வளைவில் இறங்கித் தள்ளினேன் என்று. நாம் என்ன பேசுவது? நமக்கு ஏற்றம் என்றால் மிண்ட் மேம்பாலம், பேசின் பிரிட்ஜ். ஏறி முடிப்பதற்குள் இறக்கம் வந்துவிடும். மற்றபடி ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை தோசைக்கல் மாதிரி தட்டையான ஊர். அதனால் ஓட்டுவது சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். நமக்கு மலை காற்றுதான். மலையாவது நேற்று இருந்த இடத்தில் இன்றும் இருக்கும். இது தினமும் இடம் மாறும்.

வாடை, தென்றல், கொண்டல், கோடை. வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று நாலு திசைக் காற்றுக்கும் தமிழில் தனித்தனிப் பெயர். பள்ளிக்கூடத்தில் இரண்டு மார்க் கேள்வி. நானும் எழுதி மார்க் வாங்கினேன். அந்த இரண்டு மார்க் முழங்காலுக்கு வந்து சேர இத்தனை வருஷம் ஆயிற்று.

நான் கணக்கு எழுதுகிறவன், ஒரே ஒரு கணக்குச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சைக்கிளின் வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். காற்றே இல்லாத நேரத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறோம். எதிரே 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், அதே 20-ஐத் தக்கவைக்க மூன்று மடங்கு எதிர்ப்பைத் தள்ள வேண்டும். தள்ள முடியாது, வேகம் குறையும். "திரும்பும்போது அதே காற்று பின்னால் தள்ளுமே, சரியாப் போச்சு" என்பீர்கள். ஆகாது. போக 10 கிலோமீட்டர், வர 10. காற்று இல்லாவிட்டால் அரைமணி, அரைமணி. எதிர்காற்றில் 15 வேகத்தில் போனால் 40 நிமிஷம். திரும்பும்போது 25 வேகத்தில் வந்தாலும் 24 நிமிஷம். கூட்டினால் 64. நாலு நிமிஷத்தைக் காற்று கமிஷனாக எடுத்துக்கொண்டது. எங்கள் ஆபீஸ் மாதிரிதான்.

நம் கடற்கரைச் சாலை தெற்கு வடக்காகப் போகிறது. சித்திரை, வைகாசியில் தெற்கிலிருந்து காற்று. எண்ணூருக்குப் போகும்போது முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும். ஆகா, நமக்குக் கால் பலமாகிவிட்டது என்று தோன்றும். திரும்பும்போது வெயிலும் ஏறி, காற்றும் எதிரே வந்து, காலடிப்பேட்டையில் டீக்கடைப் பெஞ்சைக் கண்டால் அப்படியே படுத்துவிடலாம் போல இருக்கும். மார்கழி, தையில் வாடை. போகும்போதே மூக்கில் குத்தும், வரும்போது தள்ளிவிடும். எனக்குப் பிடித்தது இந்த மார்கழிக் கணக்குதான், கஷ்டம் முதலில் தீர்ந்துவிடுகிறது. போகி அன்றைக்கு மட்டும் நான் வண்டியை எடுப்பதில்லை. அந்தப் புகையில் மூச்சை இழுத்து ஓட்டுவதற்கு வீட்டில் படுத்துத் தூங்கலாம்.

காலை நாலரைக்கு எழுவேன். சைக்கிளுக்கென்று பஞ்சு வைத்த அரை டிராயர் இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு நம் தெருவில் நடக்க முடியுமா? மேலே லுங்கி கட்டிக்கொண்டு தெருமுனை வரை தள்ளிப் போவேன். அங்கே பால்காரத் தம்பியிடம் லுங்கியைக் கொடுத்துவிட்டு ஏறுவேன். திரும்பி வரும்போது கடையில் வாங்கிக் கட்டிக்கொள்வேன். ஒரு நாள் அவன் கடையை அடைத்துவிட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டான். அந்தக் கதை வேண்டாம்.

நாய்களைப் பற்றிக் கேட்பார்கள். துரத்தினால் வேகமாக ஓட்டாதீர்கள். நின்றுவிடுங்கள், இறங்கி சைக்கிளை நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கே சலிப்பாகிப் போய்விடும்.

நேரே வடக்கே போகாமல் முதலில் ராயபுரம் பக்கம் ஒரு சுற்றுப் போவேன், கால் சூடாக. 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பிய நிலையம் அங்கே இருக்கிறது. விடியாத நேரத்தில் அந்தத் தூண்களைப் பார்த்தபடி சுற்றி வருவேன். அப்புறம் காசிமேடு. படகுகளில் கட்டிய கொடியைப் பார்த்தால் அன்றைய காற்றுத் தெரிந்துவிடும். போனில் பார்க்க வேண்டியதே இல்லை. ஆனால் ஞாயிறு காலை ஏலக் கூட்டத்துக்குள் சைக்கிளை விடாதீர்கள். மீன் தண்ணீர் ஓடிய சாலையில் பிரேக் பிடித்தால் சைக்கிள் ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம். முழங்கையில் தழும்பு இருக்கிறது, வேண்டுமானால் கீழே வந்து காட்டுகிறேன்.

அங்கிருந்து எண்ணூர் விரைவுச் சாலை. இங்கேதான் என் ஆபீஸ் என்னைத் துரத்துகிறது. 40 அடி கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் இடப்பக்கம் திரும்பும்போது தலை போன வழியில் பின் சக்கரம் வராது, உள்பக்கமாக வெட்டி வரும். டிரைவருக்கு அந்த இடத்தில் நாம் கண்ணாடியிலும் தெரிய மாட்டோம். அதனால் திருப்பத்தில் டிரெய்லருக்கு இடப்பக்கம் சந்து கிடைத்தாலும் நுழையாதீர்கள். தம்பிகளே, கேரத்தை விட்டுவிட்டு இதை மட்டும் கேளுங்கள்: பின்னால் நில்லுங்கள், அவர் திரும்பிப் போகட்டும்.

லாரியால் இன்னொரு தொல்லையும் உண்டு, அது கண்ணுக்கே தெரியாது. திருவொற்றியூரில் கடலோரம் பட்டினத்தார் சமாதி இருக்கிறது. காதறுந்த ஊசி ஒன்றைப் பார்த்து அவருக்கு ஞானம் வந்தது என்பார்கள். அதற்குக் கொஞ்ச தூரத்தில்தான் எனக்கும் வந்தது.

பின் டயர் இறங்கியது. பையில் புது ட்யூப் இருந்தது, கை பம்ப் இருந்தது. பத்து நிமிஷத்தில் மாற்றிவிட்டேன், எனக்கே பெருமை. அரை கிலோமீட்டர் போவதற்குள் மறுபடி இறங்கியது. தள்ளிக்கொண்டு போனேன். தார்ப்பாய்க் கூரை போட்ட ஒரு பஞ்சர் கடையில் பெரியவர் ஒருவர் அடுப்பில் டீ வைத்துக்கொண்டிருந்தார். ட்யூபைக் கழற்றிக் காற்றடித்துத் தண்ணீர்ச் சட்டியில் அழுத்தினார். முத்து முத்தாகக் குமிழி வந்தது. உடனே ஒட்டுப் போடுவார் என்று பார்த்தேன். போடவில்லை. ட்யூபை டயரின் மேல் பழையபடி வைத்து, வால்வை டயரில் அது முன்பு இருந்த இடத்துக்கு நேரே பொருத்தினார். ஓட்டை வந்த இடத்துக்கு நேரே டயரில் விரலை வைத்தார்.

"ஓட்டை எங்க இருக்கோ அங்கதான் ஆளும் குந்திக்கினு இருப்பான். அவன வெளிய தள்ளாம நீ பத்து ட்யூப் மாத்துனாலும் பத்தையும் குத்துவான்" என்றார்.

வெளியிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. டயரின் உள்பக்கம் கொஞ்சம் பஞ்சை வைத்துத் தேய்த்தார். ஓரிடத்தில் பஞ்சு மாட்டியது. நகவெட்டியால் கவ்வி இழுத்தார். தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமனான இரும்புக் கம்பி, அரை விரக்கடை நீளம். லாரி டயர் வெடித்தால் உள்ளே இருக்கிற கம்பி வலை பிய்ந்து சாலையெல்லாம் சிதறும். லாரிக்கு அது ஒன்றும் செய்யாது. நம் மெல்லிய டயரில் ஏறி உள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். லாரி ஓடுகிற சாலையில் இது ஆணியைவிட அதிகம் என்றார். அதற்கப்புறம் நானே எடுத்த பஞ்சர்களில் பாதிக்கு மேல் அந்தக் கம்பிதான். பஞ்சர் ஒட்ட 40 ரூபாய் வாங்கினார், டீக்கு வாங்கவில்லை. அன்றிலிருந்து என் பையில் நகவெட்டி இருக்கிறது. அம்மா வீடெல்லாம் தேடிவிட்டு என்னைத்தான் திட்டுவார்.

இன்னொன்று மீன்பாடி வண்டி, மீன் ஏற்றுகிற மூன்று சக்கர வண்டி. போன மார்கழியில் ஒரு நாள் வாடை பலமாக வீசியது. 12 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் என்னால் முடியவில்லை. மோட்டார் வைத்த மீன்பாடி ஒன்று காலிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு என்னைத் தாண்டியது. பின்னாலேயே ஒட்டிக்கொண்டேன். முன்னால் போகிறவர் காற்றைப் பிளந்துகொண்டு போவார், பின்னால் வருகிறவருக்கு மறைவு. பந்தயத்தில் கூட்டமாக ஓட்டுவதே இதற்குத்தான். சட்டென்று காது அடங்கிப்போனது. பெடல் பஞ்சு மாதிரி சுற்றியது. ஆனால் பெட்டியிலிருந்து நேற்றைய மீன் தண்ணீர் சொட்டுச் சொட்டாக முகத்தில் தெறித்தது. வேகம் வேண்டுமா, வாயை மூடிக்கொள்ள வேண்டுமா? வாயை மூடிக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் போனேன். வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து, "இன்னாபா, கயிறு வேணா கட்டி இஸ்துகினு போகவா?" என்றார். இப்படி ஒட்டிப் போவது ஆபத்து, அவர் பிரேக் போட்டால் நம் பல் போகும். நான் செய்தேன், நீங்கள் செய்யாதீர்கள்.

எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலில் சேருகிற கழிமுகம் வந்தால் நான் நிறுத்திவிடுவேன். அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி நிற்கிறது. புகை எந்தப் பக்கம் சாய்கிறதோ அதைப் பார்த்துத் திரும்புகிற வழிக்குக் கணக்குப் போடுவேன். அந்தப் புகையும் சாம்பலும் அங்கே குடியிருக்கிறவர்கள் தினமும் சுவாசிப்பது. நான் வாரத்துக்கு ஒரு நாள் வந்து காற்றுத் திசை பார்த்துவிட்டுப் போகிறேன். தண்ணீரில் இடுப்பளவு நின்று கையால் இறால் தடவிப் பிடிக்கிறவர்கள் இருப்பார்கள். ஒருவர் என்னைத் தெரிந்துவைத்திருக்கிறார். "இன்னிக்கி லேட்டு" என்பார். அவ்வளவுதான் பேச்சு.

200 கிலோமீட்டர் ஓட்டம் போனாயாமே என்று தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். ஒரே ஒரு தடவை. பிரெவே என்பார்கள். டீ, பஞ்சர், தூக்கம் எல்லாம் சேர்த்துப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். முதல் இடம், இரண்டாம் இடம் கிடையாது, முடித்தவர் எல்லாரும் ஒன்றுதான். பதின்மூன்று மணி ஐந்து நிமிஷத்தில் முடித்தேன். மறுநாள் ஆபீஸில் நாள் முழுக்க நின்றுகொண்டே கணக்கு எழுதினேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

நேரம் ஆகிவிட்டது, அடுத்து பரிசளிப்பு. வருகிற ஞாயிறும் வாடைதான் இருக்கும், போகும்போது கஷ்டம், வரும்போது சுகம். வர நினைக்கிறவர்கள் நாலே முக்காலுக்குப் படிப்பகம் வாசலுக்கு வந்துவிடுங்கள். கியர் சைக்கிள் தேவையில்லை, அண்ணன் ஓட்டிய பழைய ஹெர்குலிஸ் போதும். பம்ப் என்னிடம் இருக்கிறது, ஒட்டுப் போட சொல்யூஷன் இருக்கிறது. நகவெட்டி மட்டும் அவரவர் கொண்டு வாருங்கள். எங்கள் வீட்டில் இருந்ததை அம்மா திரும்ப வாங்கிக்கொண்டுவிட்டார்.