முதல் இரண்டாயிரம் சொற்கள்

அவையோருக்கு வணக்கம்.

ஆங்கிலச் சொல்வளத்தைப் பெருக்கிக்கொள்வது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். உங்களில் பலர் கையில் சொற்பட்டியல் வைத்திருக்கிறீர்கள்: நாளுக்குப் பத்துச் சொல், எதிரே அதன் பொருள். யூபிக்விட்டஸ், எஃபெமரல், லோக்வேஷியஸ் என்று போகிறது. இதை மனப்பாடம் செய்ய எவ்வளவு பாடுபடுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்த உழைப்பில் பெரும்பகுதி வீணாகிறதே என்பதுதான் என் கவலை.

எந்த மொழியை எடுத்தாலும் சில சொற்கள் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். மற்றவை அத்தி பூத்தாற்போல்தான் தலைகாட்டும். வங்காளத்தில் ஆசிரியராகப் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், கற்போருக்கு மிகவும் பயன்படும் ஆங்கிலச் சொற்கள் சுமார் 2,000-ஐத் தொகுத்து 1953-இல் வெளியிட்டார். சாதாரண ஆங்கிலப் பக்கம் ஒன்றைப் பிரித்தால், அதிலுள்ள சொற்களில் ஏறக்குறைய 80 விழுக்காடு அந்தத் தொகுப்புக்குள் அடங்கிவிடும். நாளுக்குப் பத்து அரிய சொல்லைத் தேடிப் போகிறவர் இந்த 2,000 சொற்களைத் தமக்குத் தெரிந்தவை என்று எண்ணித் தாண்டிப் போய்விடுகிறார். உண்மையில் அவை தெரியுமா?

'புட்' என்ற சொல்லைப் பாருங்கள். வைப்பது என்று எல்லோரும் சொல்வீர்கள். 'புட் ஆஃப்' என்றால் தள்ளிப்போடுவது. 'புட் அவுட்' என்றால் நெருப்பை அணைப்பது. 'புட் அப் வித்' என்றால் பொறுத்துக்கொள்வது. மூன்றெழுத்துச் சொல் ஒன்றுக்குள் இத்தனை இருக்கிறது. கெட், டேக், மேக், ரன் ஆகியவையும் இப்படித்தான். ஆங்கிலேயர்கள் இருவர் பேசும்போது நமக்குப் புரியாமல் போவது பெரும்பாலும் அரிய சொற்களால் அல்ல, இந்தச் சின்னச் சொற்களின் கூட்டணியால்தான்.

ஒரு சொல்லை அறிய வேண்டுமானால் அது யாரோடு சேர்ந்து வருகிறது என்று பார்க்க வேண்டும் என்றார் மொழியியல் அறிஞர் ஜே. ஆர். ஃபெர்த். நாம் தவறு 'செய்கிறோம்'. அதனால் 'டூ எ மிஸ்டேக்' என்று சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் 'மேக் எ மிஸ்டேக்' என்பதுதான் வழக்கு. மழை பலமாகப் பெய்தால் 'ஹெவி ரெயின்'. காற்று பலமாக வீசினால் 'ஸ்ட்ராங் விண்ட்'. இதற்கு இலக்கண விதி கிடையாது, பழக்கம்தான். ஆகவே குறிப்பேட்டில் தனிச் சொல்லை எழுதாதீர்கள். அது வந்த தொடரை முழுதாக எழுதுங்கள். நான் சொல்வதில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

ஒலியையும் சேர்த்துக் கற்க வேண்டும். 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் அழுத்தம் முதல் அசையில். 'ஃபொடாகிரஃபர்' என்னும்போது இரண்டாம் அசைக்கு மாறுகிறது. 'ஃபோட்டோகிராஃபிக்' என்றால் மூன்றாம் அசைக்குப் போய்விடுகிறது. எழுத்தில் தெரிந்த சொல் காதில் விழும்போது பிடிபடாமல் போவதற்கு இது முக்கியமான காரணம். இப்போது நல்ல அகராதிகள் எல்லாம் செயலிகளாகவே கிடைக்கின்றன. ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டுக் கேட்க இரண்டு நொடி போதும்.

ஒரு பொருளுக்குப் பல சொற்களை வரிசையாக உருப்போடும் பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1066-இல் பிரெஞ்சு பேசிய நார்மானியர்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றினார்கள். அதன்பின் சில நூற்றாண்டுகள் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு ஓங்கி நின்றது. அறிஞர்கள் லத்தீனில் எழுதினார்கள். உழுதவர்களும் நெய்தவர்களும் பழைய ஆங்கிலத்தையே பேசிவந்தார்கள். அந்த அடுக்குகள் இன்றும் மொழிக்குள் இருக்கின்றன. பழைய ஆங்கிலத்திலிருந்து வந்த 'ஆஸ்க்' வீட்டுப் பேச்சுக்கு உரியது. பிரெஞ்சு வழி வந்த 'கொஸ்டின்' சற்று இறுக்கமானது. லத்தீனிலிருந்து வந்த 'இன்டராகேட்' என்றால் காவல் துறை விசாரணை கண்முன் வந்துவிடும். மூன்றையும் ஒரே வரிசையில் எழுதி மனப்பாடம் செய்தவர், நண்பரிடம் வழி கேட்டதைக்கூட விசாரணை நடத்தியதுபோல் சொல்லிவிடுவார். ஒரே பொருள் என்று பட்டியல் சொல்வதை நம்பாதீர்கள்.

இனி நினைவாற்றலுக்கு வருகிறேன். ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, தம் மறதியைத் தாமே அளந்து 1885-இல் வெளியிட்டார். கற்றதில் பெரும்பகுதி முதல் நாளுக்குள்ளேயே கரைந்துபோகிறது என்று கண்டார். ஒரே மூச்சில் திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, இடைவெளி விட்டுப் படித்தால் நன்றாகத் தங்குகிறது என்பதையும் அவர் கண்டார். மறந்துவிட்டதே என்று உங்களை நீங்களே நொந்துகொள்கிறீர்களே, அது உங்கள் குறையல்ல. மனித மூளை அப்படித்தான் இயங்குகிறது.

ரோடிகர், கார்பிக் என்ற இரு ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் பயனுள்ளது. மாணவர்களில் ஒரு பிரிவினர் பாடத்தை மீண்டும் படித்தார்கள். இன்னொரு பிரிவினர் அதை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். பட்டியலைத் திரும்பத் திரும்ப வாசிக்கும்போது வருகிற 'தெரிந்துவிட்டது' என்ற நிறைவு அந்த ஐந்து நிமிடத்தின் நிறைவுதான்.

எனவே அட்டைகள் செய்துகொள்ளுங்கள். ஒரு பக்கம் தொடர், அதில் கற்க வேண்டிய சொல் இருக்கும் இடத்தில் கோடு. மறுபக்கம் அந்தச் சொல். சரியாகச் சொன்னால் அந்த அட்டையை இன்னும் சில நாள் கழித்துப் பாருங்கள். தவறினால் நாளையே பாருங்கள். 1970-களில் செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானியப் பத்திரிகையாளர், அட்டைகளைப் பல பெட்டிகளில் பிரித்து வைக்கச் சொன்ன முறை இது. 'ஆங்கி' போன்ற செயலிகள் நாள் கணக்கைத் தாமே பார்த்துக்கொள்ளும். ஆனால் பிறர் தயாரித்த அட்டைத் தொகுப்பை இறக்கிக்கொள்வதைவிட, நீங்கள் படித்ததிலிருந்து நீங்களே எழுதிய அட்டை மேல் என்பது என் எண்ணம். அந்தத் தொடர் எங்கே வந்தது என்பதும் உங்கள் நினைவில் இருக்குமல்லவா?

2,000-க்கு அப்பால் எப்படிப் போவது? நாவலையும் நாளிதழையும் தடையின்றிப் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் வேண்டும் என்று பால் நேஷன் என்ற மொழியறிஞர் 2006-இல் கணக்கிட்டார். டிசைட், டிசிஷன், டிசைசிவ் எல்லாம் சேர்ந்து ஒரே குடும்பம். அவ்வளவு குடும்பங்கள் தெரிந்தால் ஐம்பது சொல்லுக்கு ஒன்றுதான் புரியாமல் நிற்கும். அதையும் அக்கம்பக்கத்தை வைத்து ஊகித்துவிடலாம். ஐந்துக்கு ஒன்று புரியாத புத்தகத்தில் அந்த ஊகத்துக்கு இடமில்லை. அதனால் உங்களுக்கு எளிதாகப் படுகிற புத்தகங்களைக் கூச்சப்படாமல் எடுங்கள். கற்போருக்கென்றே படிநிலை பிரித்து எழுதப்பட்ட கதைகள் நிறைய இருக்கின்றன. முதிர்ந்தவர் ஒருவர் எளிய நூலைப் படிப்பதில் வெட்கப்பட எதுவுமே இல்லை.

தமிழ்ப் பொருள் பார்க்கலாமா என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார். தாராளமாகப் பாருங்கள். முதல் சந்திப்பில் பொருளைச் சட்டென்று பிடிக்கத் தாய்மொழியைவிட விரைவான வழி இல்லை. பிறகு கற்போருக்கான ஆங்கில அகராதியில் அதே சொல்லைத் திறந்து, எடுத்துக்காட்டுத் தொடர்களை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள். அவற்றில் ஒன்று உங்கள் அட்டைக்குப் போகட்டும்.