உயிலில் இல்லாத நிலம்

அவையோருக்கு வணக்கம்.

பிரபு இறந்தார், வக்கீல் உயிலைப் பிரித்தார், ஆயிரக்கணக்கான ஏக்கர் மூத்த மகனுக்குப் போனது என்றுதான் நாம் நினைக்கிறோம். விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் பெரிய குடும்பங்களில் பெரும்பாலும் அப்படி நடக்கவில்லை. குடும்ப எஸ்டேட்டை உயிலில் எழுத அந்தப் பிரபுவுக்கு உரிமையே கிடையாது.

நிலத்தின் விதி முன்பே செட்டில்மென்ட் பத்திரத்தில், அதாவது குடும்ப நிலம் யாருக்குப் பின் யாருக்கு என்று வகுக்கும் பத்திரத்தில், முடிவாகியிருக்கும். மகனுக்கு 21 வயது நிறைந்ததும் தந்தையும் மகனும் சேர்ந்து பழைய ஏற்பாட்டை முறித்துப் புதிதாக எழுதுவார்கள். தந்தைக்கு ஆயுள் உரிமை: உயிரோடிருக்கும்வரை வருமானத்தை அனுபவிக்கலாம், அவ்வளவுதான். அடுத்து மகனுக்கும் ஆயுள் உரிமை மட்டுமே. முழு வாரிசுரிமை இன்னும் பிறக்காத பேரனுக்கு! மகன் ஏன் ஒப்புக்கொண்டான்? கையெழுத்திட்டால் உடனே ஆண்டுப்படி கிடைக்கும். இல்லையென்றால் தந்தை கண்மூடும்வரை கை காய வேண்டியதுதான். கெட்டிக்கார ஏற்பாடு; கொஞ்சம் கொடுமையும் கூட.

அதே பத்திரத்தில் விதவைக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை, இளைய பிள்ளைகளுக்கு மொத்தமாகப் பங்குத்தொகை. அதைத் திரட்ட, குடும்பத்துக்காகச் சொத்தைப் பொறுப்பில் வைத்திருக்கும் அறங்காவலர்கள் பெயரில் 500 அல்லது 1,000 ஆண்டுக் குத்தகை ஒன்றை எழுதிவைத்து, அதன்பேரில் நிலத்தை அடமானம் வைப்பார்கள். கோளாறு இங்கேதான். 1870-களின் கடைசியில் அமெரிக்கத் தானியம் வந்து குவிந்தது. விலை சரிந்தது, நிலவாடகையும் சரிந்தது. பத்திரத்தில் எழுதிய தொகைகளோ ஒரு பைசா குறையவில்லை. விற்றுக் கடனடைக்கவும் வழியில்லாமல் பலர் தவித்தார்கள். 1882-இல் வந்த சட்டம்தான் ஆயுள் உரிமையாளருக்கு விற்கும் அதிகாரத்தைப் பரவலாகக் கொடுத்தது. பணம் அவர் கைக்கு வராது; அறங்காவலரிடம் போகும். பரம்பரைப் பொருள்களை விற்க நீதிமன்ற அனுமதியும் வேண்டும். மார்ல்பரோ பிரபு குடும்பத்தின் பிளெனிம் மாளிகையில் இருந்த, இத்தாலிய ஓவியர் ரஃபேலின் ஓவியம் 1885-இல் 70,000 பவுனுக்கு லண்டன் நேஷனல் கேலரிக்குப் போனது அப்படித்தான்.

அப்படியானால் உயில் எதற்கு? ரொக்கம், பங்குகள், குதிரைகள், சொந்தமாக வாங்கிய நிலம் ஆகியவற்றுக்கு. 1837-ஆம் ஆண்டுச் சட்டப்படி உயிலின் முடிவில் கையெழுத்து வேண்டும். இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் உடனிருக்க வேண்டும். பக்கத்தில் நிற்கிறாரே என்று சமையற்காரரைச் சாட்சியாக்கினால், உயில் நிற்கும். அவருக்கு எழுதிய தொகை செல்லாது. அவர் மனைவிக்கு எழுதியதும் செல்லாது. உயிலுக்குப் பிறகு திருமணம் செய்துகொண்டால் பொதுவாக உயிலே ரத்து.

முதலில் கடன் தீர்க்க வேண்டும். பணம் போதாவிட்டால் ரொக்கக் கொடைகள் எல்லாம் ஒரே விகிதத்தில் குறையும். குறிப்பிட்ட குதிரையை எழுதிவைத்துவிட்டு உயிரோடிருக்கும்போதே விற்றிருந்தால், பெறவேண்டியவருக்கு ஒன்றுமில்லை. வரியும் உண்டு: நூற்றாண்டின் நடுவில் மனைவிக்கு வரி இல்லை, மகனுக்கு 1 சதவீதம், உறவல்லாதவருக்கு 10. பழைய வேலையாளுக்கு 100 பவுன் எழுதினால் அவர் கையில் 90 தான். அதனால் விவரமறிந்த வக்கீல் ‘வரி நீங்கலாக’ என்று சேர்ப்பார். அப்போது அந்த 10 பவுன் எஞ்சிய சொத்தைப் பெறுபவர் தலையில் விழும்.