அது ஆம்லெட் முட்டை அன்று

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். கனடாவில் குடியேறிய உக்ரைனியரின் அடையாளத்தைக் காத்தது மொழியா, வழக்கமா? வழக்கமே என்று பேச வந்திருக்கிறேன்.

மொழிக்காகப் பேசிய எதிரணித் தலைவர், "முட்டையில் கோலம் போட்டால் இனம் வாழ்ந்துவிடுமா? உடைந்தால் ஆம்லெட்தானே!" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கிக்கொண்டு அமர்ந்தார். ஐயா அந்த முட்டையைக் கண்ணால் கண்டதில்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது. உயிர்த்த ஞாயிறுக்காக உக்ரைனியர் செய்யும் பிசங்கா என்ற வண்ணக்கோல முட்டைக்கு, மரபுப்படி, வேகவைக்காத பச்சை முட்டையைத்தான் எடுப்பார்கள். உருக்கிய தேன்மெழுகால் வெள்ளை ஓட்டில் கோடிட்டு, மஞ்சள் சாயத்தில் தோய்த்து, மறுபடி மெழுகிட்டுச் சிவப்பில் தோய்த்து, மீண்டும் மெழுகிட்டுக் கடைசியில் கறுப்பில் முக்கி எடுத்தால், கையில் இருப்பது கரிக்கட்டை போன்ற ஓர் உருண்டை. அதை மெழுகுவத்திச் சுடரருகே பிடித்துத் துணியால் ஒற்றும்போதுதான் ஒளிந்திருந்த வண்ணங்கள் ஒவ்வொன்றாக வெளிவரும். உள்ளே இருக்கும் கரு உலர்ந்துபோக ஆண்டுகள் ஆகும். அதற்குள் வெயில் படும் அலமாரியில் வைத்துவிட்டால், வாயு சேர்ந்து வெடித்தாலும் வெடிக்கும். பிறகு அந்த வீட்டில் ஆம்லெட் போட ஆள் இருக்காது ஐயா, அத்தனை பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவில் நிற்பார்கள்!

இன்னொன்று. பிசங்கா என்ற பெயரே 'எழுது' என்னும் பொருளுடைய வினையிலிருந்து பிறந்தது. முட்டையில் அவர்கள் வரைவதில்லை, எழுதுகிறார்கள். மொழிக்கு வாதாட வந்தவர் எழுத்தையே எண்ணெய்ச் சட்டியில் உடைத்து ஊற்றிவிட்டுப் போய்விட்டார்!

1891-இல், ஆஸ்திரியாவின் ஆட்சியிலிருந்த கலீசியாவிலிருந்து இவான் பிலிப்பிவ், வசில் எலெனியாக் என்ற இரு உக்ரைனியர் கனடாவுக்குப் போனார்கள். பின்னே சென்றவர்களின் பிள்ளைகளுக்கு உக்ரைனியமும் ஆங்கிலமும் கற்பித்த இருமொழிப் பள்ளிகள் கிடைத்தன. 1916-இல் மானிடோபா மாகாணம் அவற்றை ஒழித்தது. முதல் உலகப் போரில் ஆஸ்திரியா எதிரி நாடானதும், 'பகை நாட்டார்' என்று கனடா முகாம்களில் அடைத்த 8,500-க்கும் மேற்பட்டோரில் பெரும்பாலோர் உக்ரைனியர். இத்தனைக்கும் பிறகு, 1975-இல் ஆல்பர்ட்டாவின் வெக்ரவில் ஊர் நிறுத்தி வைத்தது என்ன, நெடுங்கணக்கையா? காற்றடிக்கும் பக்கம் திரும்பும் மாபெரும் பிசங்காவை, நடுவர் அவர்களே.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில், இறைச்சியில்லாத பன்னிரண்டு உணவுகளோடு, இறந்தவர்களுக்கென்று ஒரு தட்டும் வைக்கும் வழக்கம் அவர்களிடம் உண்டு. 2022-க்குப் பின் போருக்குத் தப்பி வந்த ஒரு தாயும், பாட்டியின் மொழியை மறந்த நான்காம் தலைமுறைப் பெண்ணும் அந்த மேசையில் அமர்ந்து, கோதுமையும் தேனும் கசகசாவும் சேர்ந்த குத்தியாவை ஒரே கிண்ணத்திலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். ஆளில்லாத அந்தத் தட்டு 1933-இன் உக்ரைன் பஞ்சத்தில் மாண்ட பூட்டனுக்கா, போர்முனையில் விழுந்த மகனுக்கா என்று அந்தத் தாயிடம் அவள் எந்த மொழியிலும் கேட்பதில்லை.